நாற்பத்தொரு பூச்சு

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பூட்டியிருந்த வடக்கு அறைக்குள்ளிருந்து சுண்ணாம்பு அடிக்கும் மட்டையின் சத்தம் கேட்டது.

சர்ரென்று மேலே போய், ஒரு நொடி நின்று, சர்ரென்று கீழே இறங்கும் சத்தம். வேலையாட்கள் அத்தனை பேரும் பின்கட்டில் தகரக் கொட்டகை நிழலில் தூக்குப் பாத்திரங்களைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய ரேடியோவின் கரகரப்பு இரண்டு முற்றங்களைத் தாண்டி மங்கலாக வந்துகொண்டிருந்தது. அறையின் சாவி வீட்டுப் பெரியவரின் சட்டைப் பையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டோடு உரசிக்கொண்டு கிடந்தது. இன்னொரு சாவி கிடையாது. அந்த அரண்மனையில் இன்னும் ஓட்டல்காரர்களின் கைக்குப் போகாத அறை, அவர் புழங்கும் இரண்டு அறைகளைத் தவிர, அது ஒன்றுதான்.

கதவில் காது வைத்துக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அந்த வீட்டில் கதவில் காது வைத்தவர்கள் வேலைக்காரர்கள். பிடிபட்டால் அன்றே மூட்டை கட்ட வேண்டியிருந்தது. அவர் தாழ்வாரத்தில் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்று, தன் அப்பா செய்வதுபோல ஒருமுறை இருமினார்.

சத்தம் நின்றது.

எலியும் இருமலுக்கு அடங்கும்தான். ஆனால் இது அப்படி அடங்கவில்லை. மட்டையைப் பாதி வீச்சில் பிடித்துக்கொண்டு, எஜமான் என்ன சொல்லப்போகிறார் என்று ஓர் ஆள் காத்திருப்பதைப்போல நின்றது.

பூட்டைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. சன்னல் பலகைகளின் இடுக்கு வழியே வந்த வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. மூக்கின் உட்புறத்தை அரித்து, கண்ணுக்குப் பின்னால் போய் எரியும் ஈரச் சுண்ணாம்பின் வாடை அறை முழுக்க நின்றது. எதிர்ச் சுவர் நனைந்திருந்தது. தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு, தோள் அகலத்துக்கு, அங்கே மட்டும். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

குழாய்க் கசிவு என்று சொல்லிக்கொண்டார். உடனே எரிச்சல் வந்தது. அது டேப்புக்காரி சொல்லக்கூடிய காரணம்.

டேப்புக்காரி என்று அவர் பெயர் வைத்திருந்தது, அரண்மனையை ஓட்டலாக மாற்ற வந்த கட்டடக்கலைப் பெண்ணுக்கு. முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் எப்போதும் ஓர் அளவு டேப்பு. தூண், படி, கதவு, எதைக் கண்டாலும் இழுத்து நீட்டிவிடுவாள். நல்ல குடும்பத்தின் சுவர்களை இப்படி ஊரறிய அளந்து பார்ப்பது மருத்துவர் செய்தால்கூட அவருக்குப் பொறுக்காது. வந்த முதல் நாளே அவரை அங்கிள் என்று அழைத்தாள். "இது எப்பவும் உங்க வீடுதான் அங்கிள். நாங்க இதைக் கொஞ்சம் மூச்சு விட வைக்கிறோம், அவ்வளவுதான்" என்றாள். இருநூறு வருடமாக அந்த வீடு யாரிடமும் மூச்சு கேட்டதில்லை என்று அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் அவருடைய தம்பி மகன். இறுக்கமான சட்டையும் வாசனைத் தைலமுமாக வந்து, கூரை ஒழுகுகிறது, கரையான் அரிக்கிறது என்று பட்டியல் வாசித்தான். மேற்குப் பக்கத்தில் இரண்டு அறை பெரியப்பாவுக்கு ஆயுளுக்கும் உண்டு என்று ஒரு வரி சேர்த்திருப்பதைப் பெருமையாகச் சொன்னான். முற்றத்தில் ஒதுக்குப்புறமாகப் பழைய நாயைக் கட்டிப்போட இடம் விட்டதுபோல. ஓட்டல் என்று சொல்லப் பெரியவருக்கு வாய் வரவில்லை. சத்திரம் என்றே சொல்லிவந்தார்.

அதைவிட அவரை அரித்தவை அறிவிப்புப் பலகைகள். டேப்புக்காரி மூலைக்கு ஒன்றாகப் பித்தளைத் தகடு அடித்துக்கொண்டிருந்தாள். தெற்கு மாடிப்படியில், காதலனின் கடிதத்தைப் படித்த இளவரசி இங்கேதான் மயங்கி விழுந்தாள் என்று ஒன்று. விழுந்தவள் அவருடைய அத்தை. கண்ணில் புரை, படி தெரியவில்லை. கடிதமும் இல்லை, காதலனும் இல்லை. தாத்தாவின் எண்ணெய் ஓவியத்தைக் கழிப்பறைக்குத் திரும்பும் வழியில் மாட்டிவிட்டு, வெளிச்சம் அங்கேதான் அழகாக விழுகிறது என்றாள்.

ஆகவே வடக்கு அறையைத் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை.

"பெரியப்பா, ஒரு காரணம் சொல்லுங்க, நான் அவங்ககிட்ட பேசி நிறுத்திடறேன்" என்றான் தம்பி மகன். "சும்மா வேணாம் வேணாம்னா எப்படி?"

சொல்லலாம்தான். சொன்னால் அந்தச் சுவர் தப்பும். ஆனால் மறுநாளே அது பித்தளைத் தகட்டில் ஏறிவிடும். மேலே ஒரு சின்ன விளக்கு. அரைக்கால் சட்டை போட்டவர்கள் அதன் முன்னால் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நான்கு தலைமுறை வாயைக் கட்டிக் காத்த ஒன்று, காலைச் சிற்றுண்டியோடு பரிமாறப்படும்.

பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தாழ்வாரத்துப் பக்கம் நடந்தார்.

பத்து நாள் கழித்து, சுவரைச் சோதிப்பதற்கென்று வெளியூரிலிருந்து ஒரு சுண்ணாம்பு மேஸ்திரியை வரவழைத்தாள் டேப்புக்காரி. சுண்ணாம்பு குழைப்பவனுக்குத் தனியாகக் கார் அனுப்புகிற காலம். அறுபது வயது ஆள். வலது கட்டைவிரல் நகத்தைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சுவரை ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டிப் படிக்கட்டுபோல இறக்கி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சோதிக்க மட்டும்தான் என்று தம்பி மகன் கெஞ்சியதால் கதவைத் திறந்துவிட்ட பெரியவரும் அவனும் பின்னால் நின்றார்கள். சுவர் அன்று நன்றாகவே உலர்ந்திருந்தது. நல்ல பிள்ளையாக.

மரத்தில் வருட வளையம் இருப்பதுபோலத்தான் இதுவும், வருடத்துக்கு ஒன்று வீதம் நூற்று முப்பது பூச்சாவது இருக்கும் என்றார் மேஸ்திரி. பிறகு பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு மெல்லச் சிரித்தார்.

"மேல இருக்கிற நாப்பத்தொண்ணும் ஒரே ஆள் கை மேடம். வேலை தெரியாத கை. இழுத்திருக்கிற இழுப்பப் பாருங்க, எருமையக் குளிப்பாட்டின மாதிரி. அதுலயும் வேண்டா வெறுப்பா அடிச்சிருக்கான். கூலி குடுக்காம விட்டாங்களோ என்னமோ."

டேப்புக்காரி சிரித்தாள். தம்பி மகனும் சிரித்தான்.

நாற்பத்தொரு வருடம். ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்து வரும் முதல் வெயில் நாளில், கதவை உள்ளே தாழிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, அந்தச் சுவரை அடித்த கை பெரியவருடையது. அதை அங்கே சொல்ல முடியாது. பின் கழுத்தில் ஏறிய சூடு காதுவரை பரவுவதை உணர்ந்தபடி, சாவியை எடுத்து மேஸ்திரியின் காலடியில் எறிந்தார்.

"சுரண்டிக்கோங்க. எல்லாத்தையும்."

அன்று மாலை தன் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் செய்தது உறைத்தது.

அவருடைய முப்பத்திரண்டாம் வயதில் அப்பா அந்த மட்டையைக் கையில் கொடுத்துச் சொன்ன சங்கதி அதிகமில்லை. கொள்ளுத்தாத்தா வடக்கு அறையில் கண்ணாடிபோல ஒரு சுவர் கேட்டார். முட்டை வெள்ளையும் சலித்த சுண்ணாம்புமாகக் குழைத்து, ஒரு கொத்தன் பூசி முடித்து, ஓரமாக நின்று, நல்லா இருக்கா ஐயா என்று கேட்டான். சுவரில் கொள்ளுத்தாத்தாவின் மீசை முடிமுடியாகத் தெரிந்தது. அப்படி ஒரு சுவர் எந்த வீட்டிலும் கிடையாது என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு கொத்தனைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்வதா? இல்லை, மறுபடியும் பூசு என்றார். பதினொரு முறை உடைத்து, பதினொரு முறை பூசினான். பன்னிரண்டாம் முறை, குறை சுவத்துல இல்லீங்க என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவன் அந்த அறையை விட்டு வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்குச் சுவர் ஓர் ஆள் உயரத்துக்கு நனைந்தது. அதுமுதல் குடும்பத் தலைவன் தன் கையாலேயே வருடம் ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் ஓரமாக நின்று, நல்லா இருக்கா என்று சுவரைக் கேட்க வேண்டும். பதில் வராதுடா, வரவும் வேண்டாம், ஆனா கேக்கணும் என்றார் அப்பா.

பெரியவர் அடித்தார். குடும்ப முறை என்பதால் அடித்தார். கேட்கவில்லை. சுவரிடம் கேட்பதா? அதிலும் ஒரு கொத்தனின் சுவரிடம், கை கட்டி? நாற்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை தடுத்துவிடலாம் என்றுதான் போனார். சாரம் கட்டியிருந்தார்கள். நான்கு பேர் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அடித்த பூச்சுகள் செதில் செதிலாகத் தார்ப்பாயில் உதிர்ந்தன. மேஸ்திரி கும்பிட்டு, ஏதாவது சொல்லணுமா ஐயா என்றார். அந்த நகமில்லாத கட்டைவிரலைப் பார்த்ததும் எருமை நினைவுக்கு வந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அன்று மதியம் மட்டைச் சத்தம் வடக்கு அறையிலிருந்து வரவில்லை. தாழ்வாரத்திலிருந்து வந்தது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத வெறும் வெயிலில், சர்ரென்று மேலே போய், நின்று, சர்ரென்று கீழே இறங்கியது. இருமினார். நிற்கவில்லை.

அதற்கு மறுநாள் ஐந்தாவது தூண். மூன்றாம் நாள் அவருடைய அறைக்கு வெளியே, தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம். தலையணையில் ஈரச் சுண்ணாம்பு வாடை. குடித்த தண்ணீரில் வாடை. சாயங்காலம் எழுந்து பார்த்தபோது, கதவு நிலையில் கண் மட்டத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல் இருந்தது. ஒரு வேலைக்காரன், இங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று விரலால் அடையாளம் வைத்ததுபோல. நகத்தால் சுரண்டினார். ஈரமாக இருந்தது. விரல் நுனி இரவெல்லாம் எரிந்தது.

நான்காம் நாள் ஆள் வந்து அவரை அழைத்தான்.

பூச்சுகள் எல்லாம் போய், அடியிலிருந்த கண்ணாடிச் சுவர் வெளியே வந்திருந்தது. சன்னல், சாரம், நின்றவர்களின் முகம், எல்லாம் அதில் பால் படிந்ததுபோல் தெரிந்தன. நடுவில் ஒரு பெரிய சில்லு பெயர்ந்து விழுந்திருந்தது. அதற்குப் பின்னால் இருட்டு இல்லை. வெண்மை. ஓர் ஆள் நிற்கிற உயரத்தில், தோள் அகலத்தில், ஒரு குழி. எலும்பு இல்லை. துணி இல்லை. தூசிகூட இல்லை. குழியின் உட்புறம், பக்கங்களும் முதுகும் தலைக்கு மேலும், வெளிச்சுவரைவிடப் பளபளவென்று மெருகேறியிருந்தது.

மேஸ்திரி விழுந்த சில்லைக் கையில் எடுத்து, அதன் பின்புறத்தைப் பெரியவருக்குக் காட்டினார். அதுவும் மெருகேறியிருந்தது.

"இது அந்தப் பக்கம் நின்னு பூசினதுங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "பூசுற கரணை இல்ல. வெறுங்கை. இந்த மெருகு வர்றதுக்குப் பல வருசம் தேய்ச்சிருக்கணும். இந்தச் சுவத்துல என்ன இருந்துச்சு ஐயா?"

டேப்புக்காரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"சுண்ணாம்பு" என்றார்.

மேஸ்திரி அவரை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, குழியின் உட்புறத்தை மெல்லத் தடவினார். "என் ஆயுசுல இப்படி ஒரு வேலையப் பாத்ததில்ல" என்றார், பக்கத்தில் நிற்கும் ஆளிடம் பேசுவதுபோல. "ரொம்ப நல்லா இருக்கு."

அறையில் அதுவரை நின்றிருந்த வாடை, ஒரு மூச்சு உள்ளிழுக்கப்பட்டதுபோல, சட்டென்று இல்லாமல் போனது. பெரியவருக்கு அது தெரிந்தது. கொத்தனைக் கொத்தன் மெச்சிக்கொள்கிறான் என்று உதட்டைச் சுழித்தார். வாடை திரும்பி வந்தது. முன்னைவிட அருகில்.

மேஸ்திரி சாமான்களைக் கட்டி, அன்றே கிளம்பிவிட்டார். டேப்புக்காரி டேப்பை நீட்டிக் குழியை அளந்து, உள்ளே கண்ணாடித் தட்டுகளும் விளக்கும் வைத்தால் அருமையான மது அலமாரி ஆகிவிடும் என்றாள். தம்பி மகன் தலையாட்டினான். பெரியவர் தன் அறைக்கு நடந்தார். தூண்கள் ஒவ்வொன்றிலும் கண் மட்டத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தவர், விழித்தபோது வெளிச்சம் அதிகமாக இருப்பதாக நினைத்தார்.

வெளிச்சம் இல்லை. வெண்மை.

நாலு சுவரும் ஒரே வழவழப்பு. மூலைகள் தெரியவில்லை. அப்பாவின் படம் இருந்த ஆணி இல்லை. புத்தக அலமாரி இருந்த இடத்தில் சுவர். எழுந்து, கைத்தடியை ஊன்றி, கதவுப் பக்கம் போனார். கதவுப் பக்கம் என்று ஒன்று இல்லை. உள்ளங்கையை வைத்தார். குளிர்ச்சி. ஈரம். கை வழுக்கியது.

கூப்பிடலாம். தம்பி மகனை. டேப்புக்காரியைக்கூட. சாப்பாட்டு நேரம், எல்லோரும் பின்கட்டில். ரேடியோ கேட்கவில்லை.

சர்ரென்று ஒரு சத்தம்.

சன்னல் பக்கம். திரும்பினார்.

சன்னல் ஒரு கை அகலத்துக்கு மட்டும் மிச்சமிருந்தது. அதன் முன்னால் முதுகைக் காட்டி ஒருவன் நின்றான். தலை, தோள், முழங்கை, எல்லாம் சுண்ணாம்பு நிறம். எங்கே அவன் முடிந்து சுவர் தொடங்குகிறது என்று தெரியவில்லை. முழங்கை மட்டும் அசைந்தது. அவசரம் இல்லாமல். வேலை தெரிந்த கை. ஓர் இழுப்பு, வெளிச்சத்தில் ஒரு விரல் அகலம் குறைந்தது. இன்னோர் இழுப்பு.

நின்றது.

அந்த உருவம் ஓரமாக ஒதுங்கியது. இப்போதும் முதுகுதான்.

"நல்லா இருக்கா ஐயா?"

பெரியவர் சுவரைப் பார்த்தார். அதில் அவருடைய நரைத்த மீசை முடிமுடியாகத் தெரிந்தது. அப்படி ஒரு சுவரை அவர் பார்த்ததில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்தது. இரண்டு வார்த்தை. சொன்னால் போதும். இங்கே பலகை அடிப்பவள் இல்லை, சிரிப்பவன் இல்லை, கேட்பதற்கு யாருமே இல்லை. வாயைத் திறந்தார். எழுபத்துமூன்று வருடத்தில் வேலைக்காரன் ஒருவனிடமும் சொல்லிப் பழகாத அந்த இரண்டு வார்த்தையை நாக்கு தேடியது.

கண் அதற்குள் சுவரின் கீழ் மூலைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கடுகளவு மேடு.

"அந்த மூலையில..." என்றது அவர் வாய்.

"சரிங்க ஐயா."

குரலில் கோபம் இல்லை. அது மெல்லத் திரும்பத் தொடங்கியது. முகம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. அதில் பெரியவரின் முகம் பால் படிந்ததுபோல் தெரிந்தது. கடைசி விரல் அகல வெளிச்சம் போனது. இருட்டவில்லை. வெண்மை அப்படியே நின்றது. முதுகில் சுவர் முட்டியது. இரண்டு தோளிலும் முட்டியது. தலைக்கு மேலும்.

குளிர்ந்த வெறுங்கை ஒன்று பொறுமையாக, அவருடைய நெற்றியிலிருந்து பூசத் தொடங்கியது.